ஏலகிரி டென்ட் கேம்ப்: சின்னக் குழந்தைகளோடு போகலாமா?

ஏலகிரியில் அத்தனாவூரைச் சுற்றியுள்ள பண்ணைகளிலும் தோப்புகளிலும் சனி மதியம் தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் டென்ட் கேம்ப் இப்போது சாதாரணமாகிவிட்டது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு மூலை கிடைக்கும், பத்துப் பன்னிரண்டு சேர்ந்தால் மொத்த இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். இடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 1,100 மீட்டர் உயரம், ஊட்டி அளவுக்குக் குளிராது, ஓடியாட வெட்டவெளி. குறையெல்லாம் நேர அட்டவணையில்தான். இரவு ஒன்பதரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டு வரை ஸ்பீக்கர், காலை ஐந்தரைக்கு டிரெக்கிங் என்று கல்யாணமாகாத பசங்களுக்காகப் போட்ட அட்டவணையையே ‘ஃபேமிலி பேக்கேஜ்’ என்று பெயர் மாற்றி நீட்டுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இந்த மூன்றுமே உதவாது. அட்வான்ஸ் கட்டும் முன் பேசி மாற்றிக்கொண்டால் நல்ல வார இறுதி. மாற்ற மாட்டேன் என்கிற இடத்தை விட்டுவிடலாம்.

போய்ச் சேரும் நேரம் முக்கியம். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளுக்கு வைத்திருக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்ப் பலகைகளைக் குழந்தைகளை வாசிக்கச் சொன்னால் வாந்திக்கும் நல்லது, ஏனென்றால் அப்போது கண் சாலையில் இருக்கும், மொபைலில் இருக்காது. வயிறு முட்டச் சாப்பிட வைத்தோ, வெறும் வயிற்றிலோ ஏற்ற வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். வளைவுகளில் நிறுத்திக் குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம், அடுத்த முறை அவை கையிலிருந்தே பிடுங்கும். ரயிலில் வருபவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டும். மலையின் பெயர் கொண்ட ஏலகிரி எக்ஸ்பிரஸ் மாலையில் சென்னையை விட்டு இரவில்தான் அங்கே சேரும், குழந்தைகளோடு வருபவர்களுக்குத் தோதுப்படாது. பகல் வண்டி பிடித்து, மூன்று நான்கு மணிக்குள் மேலே இருப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள். டென்டையும் கழிவறைப் பாதையையும் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இனி டென்ட். ‘4 பேர் டென்ட்’ என்றால் தரை பெரும்பாலும் 210க்கு 240 செ.மீ. தோளோடு தோள் ஒட்டி நால்வர் படுக்கும் கணக்கு அது, பைக்கு இடம் கிடையாது. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள், பைகள் காரில் என்றால் சரி. ‘ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம்’ என்பதையும் கவனியுங்கள். பல இடங்களில் அந்தக் குழந்தைக்கு மெத்தையும் கிடையாது, போர்வையும் கிடையாது என்றே அர்த்தம். தலைக்கு ஒரு மெத்தை வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கி வையுங்கள்.

போனதும் குனிந்து டென்டின் அடியைப் பாருங்கள். நீலத் தார்ப்பாய் டென்டுக்கு வெளியே நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும், உண்மையில் அதுதான் வில்லங்கம். மேலே விழும் மழை வழிந்து அந்த நீட்டலில் தேங்கி, டென்ட் தரைக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே ஓடி, மேலே படுத்திருப்பவரின் எடையில் உள்ளே கசியும். ‘டென்ட் ஒழுகுது’ என்கிற புகாரில் பாதி இதுதான். தார்ப்பாயின் ஓரத்தை உள்பக்கமாக, டென்ட் விளிம்பைவிட ஐந்து செ.மீ. குறைவாக மடித்துவிட்டால் தீர்ந்தது. மீதிப் பாதி மழையே அல்ல, மூச்சுக்காற்று. நால்வர் ஜிப்பை முழுக்க மூடித் தூங்கினால் விடிகாலையில் உள்சுவரில் நீர் முத்து முத்தாக நிற்கும், ஒற்றைத் துணி டென்டில் இன்னும் மோசம். மேல் ஜன்னல்களை எதிரெதிரே ஒரு சாண் திறந்து வையுங்கள், கொசுவலை மட்டும் மூடியிருக்கட்டும். மெத்தையைச் சுவரில் ஒட்டவிடாதீர்கள். வெளி உறை உள்துணியைத் தொட்டுக்கொண்டு தளர்ந்திருந்தால் முளைக்கயிற்றை இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அந்தக் கயிற்றில்தான் இருட்டில் குழந்தைகள் தடுக்கி விழுவார்கள் என்பதால் வெள்ளைத் துணி கிழித்து ஒவ்வொன்றிலும் முடிந்துவிடுவது நல்லது.

ஜனவரி இரவுகளில் போர்வை பற்றவில்லை என்று எல்லோரும் மேலே மேலே கேட்பார்கள். குளிர் வருவது கீழிருந்து. ஒரு அங்குல ஃபோம் மெத்தை குழந்தையின் எடைக்கே அமுங்கிவிடும். கூடுதலாகக் கிடைக்கும் கம்பளியை மெத்தைக்கு அடியில் விரியுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். டென்டுக்குள் கரி அடுப்பு எக்காரணத்துக்கும் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் ஆளைக் கொல்லும். கொசுவர்த்தியும் உள்ளே வேண்டாம், பாலியஸ்டர் துணி ஒரு கங்குக்குத் தாங்காது. செருப்பு, ஷூவை ஒரு பையில் போட்டு உள்ளேயே வையுங்கள். வெளியே கிடந்தால் காலையில் தட்டிப் பார்க்காமல் காலை நுழைக்க வேண்டாம்.

கேம்ப் ஃபயர் குழந்தைகளுக்குப் பிடித்த பகுதி, ஊழியர்கள் நன்றாகவே செய்கிறார்கள். கல் வளையம் இருக்கும், டென்டிலிருந்து தள்ளியும் இருக்கும். நெருப்பிலிருந்து இரண்டு மீட்டரில் கோலமாவால் ஒரு வட்டம் போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டாகச் சொன்னால் நாலு வயதுக் குழந்தைக்கும் புரியும். ஆபத்து இரவில் இல்லை, காலையில். கடைசியில் மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போவார்கள். மண் நெருப்பை அணைப்பதைவிடச் சூட்டைப் பொத்தி வைப்பதே அதிகம், அடியில் கங்கு விடியும்வரை இருக்கும். காலையில் சாம்பல் மேடு என்று வெறுங்காலோடு ஏறும் குழந்தைக்குத்தான் சுடும். படுக்கப் போகும் முன் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஏழு மணி. ரசம் சாதமோ தயிர் சாதமோ குழந்தைகளுக்கு மட்டும் ஏழு மணிக்கு வேண்டும் என்றால் பெரும்பாலும் மறுப்பதில்லை, ஆனால் காலையிலேயே சொன்னால்தான் நடக்கும். பார்பிக்யூ சிக்கன் வெளியே கருகி எலும்பருகே சிவப்பாக வருவது வாடிக்கை. தொடைத் துண்டை அறுத்துப் பார்க்காமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு லிட்டர் ஃபிளாஸ்க், சத்துமாவு, அவல், வாழைப்பழம் கையில் இருக்கட்டும்.

கழிவறைக்கு எட்டுப் பேருக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக் கேளுங்கள். டென்டிலிருந்து ஐம்பது அடி எடுத்து வைப்பதற்குள் இருந்தால் உத்தமம், பாதையில் விளக்கு கட்டாயம். இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு யாரும் அங்கே நடக்கப் போவதில்லை, குழந்தைகள் உட்காரும் மூடி போட்ட பிளாஸ்டிக் கழிப்பான் (potty) ஒன்றைக் கொண்டுபோவதுதான் நடைமுறை. 25 லிட்டர் கீசர் ஒன்று இரண்டு குளியலுக்கு வரும், அடுத்தவர் அரை மணி காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு குடும்பம் ஞாயிறு காலை வரிசையில் நிற்பதைவிட, குழந்தைகளுக்கு முகம் கால் கழுவிவிட்டு வீட்டில் குளிக்க வைத்துக்கொள்ளலாம்.

இங்குள்ள சுவாமிமலைச் சிகரத்துக்கான டிரெக்கிங்கை ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விட்டுவிடலாம். உச்சி 4,338 அடி. ஏறும்போது குஷி, பாதி வழியில் ‘தூக்கு’. இறங்கும்போது குழந்தையைச் சுமந்தபடி சரளையில் வழுக்கினால் இருவருக்கும் அடி. குழுவை இரண்டாகப் பிரித்து, சின்னதுகளைப் புங்கனூர் ஏரிக்கும் பக்கத்து இயற்கைப் பூங்காவுக்கும் அனுப்புங்கள். படகில் குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். பெரியவர்களுடையது தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும்.

குழுவாகப் போவதில் ஒரு பொல்லாத பக்கம் உண்டு. இருபது பெரியவர் இருக்கும் இடத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எல்லோரும் நினைப்பார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். மணிக்கு இரண்டு பேர் என்று முறை போட்டு, அந்த இருவர் கையில் போன் இல்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழந்தை கழுத்திலும் ஒரு விசில் இருந்தால் தேடுவது சுலபம். 108 எண்ணோடு, பெரிய மருத்துவமனை கீழே திருப்பத்தூரில்தான் என்பதையும், இரவில் 14 வளைவுகளையும் ஓட்டி இறங்கக்கூடியவர் யார் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

போகத் தகுந்தது ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர், நவம்பர் மழையில் டென்ட் புக் செய்வதானால் மழை வந்தால் அறை தருவார்களா, அட்வான்ஸ் திரும்புமா என்று கேளுங்கள். ‘பார்த்துக்கலாம் சார்’ என்பது பதில் அல்ல. மே மாதக் கோடை விழா சமயம் சாலையும் ஏரியும் நெரிசல், பலாப்பழம் மட்டும் லாபம். ஒன்றரை வயதுக்குக் கீழே குழந்தை உள்ளவர்கள் அதே பண்ணையில் அறை எடுத்து, நெருப்புக்கும் விளையாட்டுக்கும் மட்டும் டென்ட் பக்கம் வந்து போகலாம், அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்டால் பேரம் பேசுங்கள்.