ரூ.9,400 போச்சு: இன்குபேட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

நேத்து ராத்திரிதான் மிச்சமிருந்த 17 முட்டையையும் உடைச்சுப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் முடி முளைச்ச முழுக் குஞ்சு, செத்துக் கிடக்கு. அந்த எரிச்சல் அடங்குறதுக்குள்ள எழுதுறேன், முன்னபின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

மொத்தம் போனது 9,400 ரூபாய். முட்டை பொரிக்க வெக்கிற இன்குபேட்டர் மெஷின் 6,800. சிறுவிடைன்னு சொல்ற நாட்டுக்கோழி முட்டை 60, ஒண்ணு 35 வீதம் 2,100. பார்சல் 500. வித்தது கடை இல்ல. வீடியோ போட்டு, விலை கேக்குறவங்களுக்குத் தனியா நம்பர் அனுப்பி வியாபாரம் பண்ற ஆள். பேர் போடல. போட்டா நாளைக்கே வேற பேர்ல சேனல் திறப்பார், அவ்வளவுதான்.

நம்பினது எந்த இடத்துலன்னு சொல்றேன், ஏன்னா நீங்களும் அங்கதான் நம்புவீங்க. போன் எடுத்ததும் முதல் கேள்வியே, "அண்ணே, எந்த முட்டை வெக்கப் போறீங்க? மளிகைக்கடை வெள்ளை முட்டைய வெச்சிராதீங்க, அது சேவல் சேராத முட்டை, பொரிக்காது." அடுத்து, இட்டு ஏழு நாளுக்கு மேல போன முட்டை வேண்டாம், வந்ததும் கூர்முனை கீழ இருக்கிற மாதிரி ஒரு நாள் அசையாம வைங்க, 18ஆம் நாளோட திருப்புறத நிறுத்துங்க, அதுக்கப்புறம் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல வேணும்... ஒண்ணுகூடத் தப்பில்ல. இவ்வளவு சரியாப் பேசுறவன் மெஷினையும் சரியாத்தான் செஞ்சிருப்பான்னு தோணிச்சு. அதே மூச்சுல சொன்னார்: "டெம்பரேச்சர் எல்லாம் நாங்களே செட் பண்ணித்தான் அனுப்புறோம். நீங்க எதையும் தொட வேண்டாம், பிளக்க மாட்டி முட்டைய அடுக்குங்க." அந்த "தொட வேண்டாம்"தான் 9,400 ரூபாயையும் முழுங்கிச்சு. பணம் முழுசா யுபிஐல, முன்னாடியே.

வந்தது தெர்மாகோல் பெட்டி, ரெண்டு பல்பு, கம்ப்யூட்டர்ல இருக்குமே அந்த மாதிரி ஒரு சின்ன ஃபேன், அடியில ஒரு தண்ணித் தட்டு, வெளிய நம்பர் காட்டுற போர்டு. முட்டை உமிக்குள்ள பொதிஞ்சு வந்துச்சு, மூணு விரிசல். மிச்சம் 57ல 47 மெஷினுக்கு. 10ஐ அன்னிக்குச் சாயங்காலமே வீட்டு அடைக்கோழிக்கு வெச்சாச்சு. அந்தப் பத்துதான் இப்ப சாட்சி.

7ஆம் நாள் டார்ச் அடிச்சப்ப 47ல 9 வெறும் முட்டை, 5ல ரத்த வளையம் (கரு ஆரம்பத்துலயே செத்ததுக்கு அடையாளம்), 33ல நரம்பு ஓடுது. இது வரைக்கும் சரின்னு விட்டுடலாம், பார்சல்ல குலுங்கி வந்த முட்டைக்கு இது நடக்கிறதுதான். 14ஆம் நாள் மறுபடி பார்த்தா இன்னும் 14 செத்துப் போயிருக்கு. அங்கதான் இடிச்சுது. கரு கூடி முதல் வாரம் தாண்டினது ரெண்டாவது வாரத்துல இத்தனை சாகாது. மிச்சம் 19ல ரெண்டு மட்டும், அதுவும் 19ஆம் நாளே ஓட்டை உடைச்சிட்டு வந்துச்சு. தொப்புள் மூடல, மஞ்சக்கரு உள்ள இழுக்காம வெளிய தொங்குது. மறுநாள் ரெண்டும் போச்சு. 21 நாளுக்கு முன்னாடியே பொரிச்சு, தொப்புளும் ஆறலன்னா சூடு அதிகம்னு அர்த்தம். கோழிக்குக் கீழ வெச்ச பத்துல ரெண்டு கூமுட்டை, ஒண்ணு ஓட்டுக்குள்ளயே செத்துச்சு, ஏழு குஞ்சு 21ஆம் நாள் வந்து இப்ப முற்றத்துல மேயுது.

14ஆம் நாளே சந்தேகப்பட்டு, காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர முட்டை மேல வெச்சேன். போர்டு 37.7 டிகிரி செல்சியஸ்னு காட்டுது. பல்புக்குக் கீழ இருக்கிற முட்டையில 102.9 ஃபாரன்ஹீட், அதாவது 39.4. எதிர் மூலையில 97.3தான். ஃபேன் ஓடுற பெட்டியில எல்லா இடத்துலயும் 99.5 இருக்கணும். மூடியக் கழட்டிப் பார்த்தா சூட்டை அளந்து போர்டுக்குச் சொல்ற சென்சார் ஒயர தண்ணித் தட்டு ஓரத்துல ரெண்டு பக்க டேப் போட்டு ஒட்டியிருக்காங்க. தட்டுல தண்ணி ஊத்துறப்பல்லாம் சென்சார் முனை நனையுது, ஃபேன் காத்து அது மேலயே அடிக்குது. மண்பானை எப்படிக் குளிருது, அதேதான். நனைஞ்ச சென்சார் நிஜத்தவிடக் குறைச்சுக் காட்டும், போர்டு "இன்னும் சூடு பத்தல"ன்னு பல்ப அணைக்காம விடும், முட்டை வேகும். சென்சார முட்டை மட்டத்துக்கு, தண்ணிக்குத் தள்ளிக் கட்டினா அஞ்சு நிமிஷ வேலை. அதக்கூடச் செய்யாம 6,800 ரூபாய் வாங்கியிருக்காங்க! கட்டி வெச்சேன், மூலைக்கு மூலை வித்தியாசம் கொஞ்சம் குறைஞ்சுது, ஆனா அதுக்குள்ள காலம் கடந்துடுச்சு.

போன் போட்டேன். பணம் போடுற வரைக்கும் "அண்ணே". இப்ப "சார்". "சார், கரண்ட் கட் ஆகியிருக்கும்." ஆகல. "தண்ணி சரியா ஊத்தலயா?" ஊத்தினதுதாங்க பிரச்சினையேன்னேன். "அப்ப முட்டை சரியில்ல சார்." முட்டையும் உங்ககிட்ட வாங்கினதுதானேன்னு கேட்டதும் லைன் கட். மறுநாள், டெக்னீஷியன் லீவுன்னார். அதுக்கும் மறுநாள், பெட்டிய எங்க செலவுல திருப்பி அனுப்பணுமாம், பார்த்துட்டுச் சொல்வாராம். போர்டு நம்பரையும் என் தெர்மாமீட்டரையும் பக்கத்துல பக்கத்துல காட்டி எடுத்த வீடியோ அனுப்பினேன். ரெண்டு நீல டிக், பதில் இல்ல. அன்னிக்குச் சாயங்காலம் அவர் ஸ்டேட்டஸ்ல தட்டு நிறையக் குஞ்சு வீடியோ. எங்களுக்குக் காட்டின அதே வீடியோ, அதே உடைஞ்ச தட்டு மூலை. வாரண்டி ஒரு வருஷம்னு எழுதியிருந்த பில்லுல முகவரியும் இல்ல, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல. 9,400ல ஒரு ரூபா திரும்பல.

என்ன பார்த்து வாங்கணும்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்கார்ந்தேன். இப்ப முடியல. சுருக்கமா:

எந்த மெஷினா இருந்தாலும் முட்டை வெக்காம, தண்ணி ஊத்தி ரெண்டு நாள் ஓட்டுங்க. தனித் தெர்மாமீட்டர நாலு மூலையிலயும் நடுவிலயும் வெச்சுப் பாருங்க, போர்டு நம்பர நம்பாதீங்க. சென்சார் எங்க இருக்குன்னு கண்ணால பாருங்க, தண்ணிக்குப் பக்கத்துல இருந்தா நகர்த்துங்க. பார்சல் பிரிக்கிறத வீடியோ எடுங்க. முழுப் பணம் முன்னாடி வேண்டாம். அடைக்கோழி ஒண்ணு இருந்தா அதே முட்டையில பத்த அதுக்கும் வைங்க, யார் மேல தப்புன்னு அது சொல்லிடும்.

பொருள் மோசம்னா நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கிட்டு ஆளே காணோம்னா சைபர் கிரைம் 1930, அன்னிக்கே கூப்பிடுங்க. நான் 1915க்கு இன்னிக்குக் காலையிலதான் கூப்பிட்டேன். பில்லுல இருக்கிற முகவரி கேக்குறாங்க.