எங்கே தொழிற்சாலை போடலாம் என்று தரவரிசைகளைக் கேட்டேன்

தொழிற்சாலைகளுக்கு லைசன்ஸ், என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று எல்லாம் வாங்கித் தரும் வேலையில் பதினேழு வருடம் ஓட்டிவிட்டேன். போன வருடம் ஒருநாள் எங்கள் முதலாளி நாலு தாள் பிரிண்ட் அவுட்டை என் மேஜையில் வைத்தார். தொழில் தொடங்க ஏற்ற மாநிலங்களின் பட்டியல். முதல் ஐந்து பெயரைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். "ரெண்டாவது யூனிட்டை இதுல ஒண்ணுல போடலாம்னு இருக்கேன். படிச்சுட்டு ஒரு நோட் எழுதிக் கொடுங்க" என்றார்.

சரி என்று உட்கார்ந்தேன். ஒரு பட்டியல் இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போக, மூன்று வாரம் போனதே தெரியவில்லை. இலவசமாகக் கிடைக்கும் சரக்குதான், ஆனால் கோடிக்கணக்கில் முதலீடு செய்கிறவர்கள் இதை நம்பி முடிவெடுக்கிறார்கள். அதனால் விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பார்ப்பது போலவே பார்த்தேன்.

முதலில் எல்லோருக்கும் தாத்தாவான உலக வங்கியின் 'டூயிங் பிசினஸ்', எந்த நாட்டில் தொழில் செய்வது எளிது என்று வரிசைப்படுத்திய அறிக்கை. 2003-ல் ஆரம்பித்தது, 2021-ல் மூடிவிட்டார்கள். இன்னமும் மேடையில் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். 2014-ல் வந்த பதிப்பில் இந்தியா 142-வது இடம், 2019-ல் வந்த பதிப்பில் 63. பெரிய பாய்ச்சல்தான். ஆனால் எப்படி அளந்தார்கள் என்ற பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தியா என்றால் அவர்களுக்கு மும்பையும் டெல்லியும்தான். பத்துக் கோடிக்கு மேல் மக்கள்தொகை உள்ள எந்த நாட்டுக்கும் இரண்டு நகரம் என்று கணக்கு. அதற்கு முன்னால் மும்பை மட்டும்.

கட்டட அனுமதியை அளக்க ஒரு கற்பனைக் கிடங்கு வைத்திருந்தார்கள். இரண்டு தளம், 14,000 சதுர அடி. உள்ளே என்ன வைப்பார்களாம்? புத்தகம், எழுதுபொருள் மாதிரி சாதுவான சரக்கு. ரசாயனம், மருந்து, உணவுப்பொருள் கூடாது. எல்லா நாட்டையும் ஒரே அளவுகோலில் அளக்க அப்படி வைத்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் என் பிழைப்பே அந்தக் கூடாது என்கிற சரக்கில்தான் ஓடுகிறது. நோட்டுப் புத்தகம் அடுக்கிவைக்க யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. ஒரு டிரம் கரைப்பான் உள்ளே வந்துவிட்டால் தீயணைப்பு, மாசுக் கட்டுப்பாடு என்று ஃபைல் தடிமன் மூன்று மடங்கு.

அதில் எனக்குப் பிடித்ததும் ஒன்று உண்டு. மொத்த எண்ணை விட்டுவிட்டு உள்ளே போனால் உண்மை கிடைக்கும். இந்தியா 63 வாங்கிய அதே பதிப்பில், ஒப்பந்தத்தை மீறியவர் மேல் வழக்குப் போட்டு பணம் வசூலிக்க 1,445 நாள் ஆகும் என்று போட்டிருந்தது. கிட்டத்தட்ட நாலு வருடம். பாக்கி வராமல் கோர்ட்டுக்கு அலைந்தவர்களுக்கு அந்த எண் ஆச்சரியமாக இருக்காது. பத்துத் தலைப்பின் சராசரிக்குள் அது அமுங்கிப்போய்விட்டது.

அது மூடப்பட்ட கதை தெரிந்ததுதான். 2018 பதிப்பில் சீனாவுக்கு 85-வது இடம் வந்திருக்க வேண்டும், வெளியே வந்தது 78. உள்ளே தரவில் கை வைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. ஏழு இடத்துக்காக ஒரு நிறுவனம் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ளுமா என்று யோசித்தேன். அந்த எண்ணுக்கு அவ்வளவு கிராக்கி இருந்திருக்கிறது.

முதலாளி வட்டம் போட்ட பட்டியலின் வம்சத்துக்கு வருகிறேன். மத்திய அரசு 2015 முதல் மாநிலங்களுக்குச் சீர்திருத்தப் பட்டியல் ஒன்று கொடுத்து மார்க் போடுகிறது. முதல் வருடம் 98 அம்சம், குஜராத் முதலிடம். தமிழ்நாடு அந்த வருடம் 12, அப்புறம் 18, 15, 14 என்று நடுவிலேயே கிடந்தது. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் அது. இத்தனை முதலாளிகள் பட்டியலைப் பார்க்காமலா அங்கே போய் ஷெட் போட்டார்கள்? அப்புறம் 2022-ல் வந்த பட்டியலில் தமிழ்நாடு திடீரென்று முதல் வரிசையில். அந்த முறை ஒன்று, இரண்டு என்று எண் போடாமல், முன்னணிச் சாதனையாளர்கள் என்று ஏழு மாநிலங்களை அகரவரிசையில் வைத்துவிட்டார்கள்.

அதற்கு முந்தைய 2019 பட்டியலில் உத்தரப் பிரதேசம் 12-லிருந்து 2-க்குத் தாவியது. ஆரம்பத்தில் மாநிலத் துறைகளே 'செய்துவிட்டோம்' என்று ஆதாரத்தைப் பதிவேற்றின. அந்த வருடம் கேள்வி முழுக்கப் பயனாளர்களிடம் போனது. கேள்வித்தாள் மாறினால் ராங்க் மாறத்தானே செய்யும்.

பயனாளர் கருத்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், ஒருமுறை எனக்கே போன் வந்தது. ஆன்லைனில் விண்ணப்பித்தீர்களா, ஆமாம். குறித்த நாளுக்குள் கிடைத்ததா? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த விண்ணப்பத்துக்குக் கெடு 30 நாள். 29-வது நாள் போர்ட்டலில் ஒரு க்வெரி விழுந்தது: 'தள வரைபடம் தெளிவாக இல்லை.' அதே பிடிஎஃபைத் திரும்ப ஏற்றினேன். கடிகாரம் மறுபடி ஒன்றிலிருந்து. இப்படி இரண்டு முறை. எல்லா அனுமதியும் ஒரே இடத்தில், நேரில் போகத் தேவையில்லை என்கிற அந்த ஒற்றைச் சாளரத்துக்காக நாலு தடவை அலுவலகப் படி ஏறினேன். கடைசியில் போர்ட்டல் காட்டியது: '11 நாளில் வழங்கப்பட்டது.' கடைசி க்வெரிக்குப் பின் எண்ணினால் அது பொய்யும் இல்லை. போனில் இருந்த பெண்ணிடம் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். "சார், ஆமாவா இல்லையா மட்டும் சொல்லுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் திரையில் இருந்தது இரண்டு பொத்தான்.

அமெரிக்கப் பட்டியல்களையும் ஒரு நாள் புரட்டினேன். சிஎன்பிசி என்ற வணிகச் செய்தித் தொலைக்காட்சி 2007 முதல் மாநிலங்களை வரிசைப்படுத்துகிறது. எந்தத் தலைப்புக்கு எவ்வளவு மார்க் என்பதை, மாநிலங்கள் தங்கள் விளம்பரத்தில் எதை அதிகம் சொல்லிக்கொள்கின்றன என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அதை வைத்து தராசுக்கல் செய்திருக்கிறார்கள். வரியை மட்டும் பார்க்கும் டாக்ஸ் ஃபவுண்டேஷன் பட்டியலில் வயோமிங் முதலிடம், அங்கே மாநில வருமான வரியே கிடையாது. மக்கள்தொகையிலும் அதுதான் கடைசி மாநிலம், ஆள் எடுப்பது உங்கள் பாடு. நிறுவனத் தலைவர்களைக் கேட்டு ஒரு பத்திரிகை போடும் பட்டியலில் கலிபோர்னியா வருடா வருடம் அடிமட்டம். பொருளாதார அளவில் அதுதான் அங்கே முதல்.

எனக்கு ஓரளவு பிடித்தது உலக வங்கி 2024-ல் புதிதாகக் கொண்டுவந்த 'பி-ரெடி'. முதல் தொகுப்பில் 50 நாடுகள், இந்தியா இல்லை. சட்டம் என்ன சொல்கிறது, அரசு என்ன சேவை தருகிறது, நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று மூன்றாகப் பிரித்து மதிப்பெண் தருகிறார்கள், ஒட்டுமொத்த ராங்க் கிடையாது. படிக்கச் சிரமம். முதலாளிகள் வட்டம் போட எதுவும் இருக்காது.

கடைசியில் நோட்டை இப்படி எழுதினேன். பட்டியல்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன், அவை நல்ல கேள்விகள். ஐந்து மாநிலத்திலும் என்னைப் போலவே ஃபைலோடு அலைகிறவர்களைத் தேடிப் பிடித்து, எல்லோரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் கன்சென்ட் என்கிற அனுமதியைப் பற்றிக் கூடுதலாக ஒன்று கேட்டேன்: "கடைசியா வாங்கின கன்சென்ட்டுக்கு எத்தனை க்வெரி விழுந்துச்சு?" ஒருவர் ஒன்று என்றார், ஒருவர் பெருமூச்சு விட்டார். மின்சாரம் எத்தனை நாளில், தண்ணீர் எங்கிருந்து, எங்கள் சரக்குக்குத் தெரிந்த ஃபிட்டர் கிடைப்பாரா எல்லாம் சேர்த்து ஒன்பது பக்கம்.

முதலாளி புரட்டிப் பார்த்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். "எல்லாம் சரி, இதுல நம்பர் எங்கே?" என்றார்.

பேனாவை எடுத்து ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக் கொடுத்தேன்.