சாயம் போட்ட வாத்திறகுக்கு 45 பவுண்ட்

பிரிட்டனில் இருந்துகொண்டு, சால்மன் மீன் தூண்டிலுக்கு விக்டோரியா காலத்து முறையில் ஈ (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் போலிப் பூச்சி) கட்டுகிறவர்கள், இணையத்தில் பஞ்சவர்ணக்கிளி இறகு வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஜாக் ஸ்காட் என்ற ஈயைக் கட்டத் தேவையான மற்ற எல்லாம் என்னிடம் இருந்தன. இறக்கையின் பக்கவாட்டில் வைக்கும் சாம்பல் காட்டுக்கோழிக் கழுத்திறகுகூட (நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைதான், இங்கே பண்ணையில் வளர்க்கிறார்கள்) கிடைத்துவிட்டது. இல்லாதது கொம்பு மட்டும். நீல மஞ்சள் பஞ்சவர்ணக்கிளியின் வால் இறகிலிருந்து உரித்து, இறக்கையின் பக்கத்துக்கு ஒன்றாக வைக்கும் ஒற்றை இழைக்குத்தான் அந்தப் பெயர். ‘அசல் வால் இறகு, ஒரு ஜோடி’ என்று விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் 45 பவுண்ட் கட்டி வாங்கினேன்.

உறையைப் பிரித்துத் திருப்பியதுமே தெரிந்துவிட்டது. இந்தக் கிளியின் வால் மேலே நீலம், அடியில் மஞ்சள். ஒரே இழை இரண்டு நிறம் காட்டும் அந்த அழகுக்காகத்தான் இவ்வளவு விலை. வந்ததோ இருபுறமும் ஒரே நீலம். ஈரப் பஞ்சால் தேய்த்தேன், பஞ்சு நீலமானது. கிளியின் நீலம் சாயமே அல்ல; இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. அது பஞ்சில் ஒட்டாது. எனக்கு வந்தது சாயம் போட்ட வாத்திறகு. சாயமிட்ட வாத்திறகில் கொம்பு வைப்பது தவறில்லை, பலரும் வைக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லி, சில பவுண்டுக்கு விற்க வேண்டும்.

பணத்தைக் கேட்டேன். பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லையாம். அதற்குப் பதிலாகச் செந்நிறப் பஞ்சவர்ணக்கிளி இறகு தருகிறேன் என்றார். சான்றிதழ் உண்டா என்று கேட்டதற்கு, “வீட்டுக் கிளி உதிர்த்ததுதானே, தாள் எதற்கு?” என்றார். இதுதான் ஏமாற்றை விட ஆபத்தானது. அந்த இனம், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், இருக்கிறது. கூண்டுக் கிளியின் உதிர்ந்த இறகானாலும், இங்கே அதை விற்கச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தாளில்லாமல் தபாலில் வந்தால் சுங்கத்தில் பிடித்துவைப்பார்கள். தாளில்லாத இறகு எங்கிருந்து வந்தது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 2009இல் இங்கிலாந்தின் டிரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்களைத் திருடியவரும் ஈ கட்டுகிறவர்தான். அவற்றில் பல, இறகு இறகாக விலை போயின.

ஆகவே, காசு கட்டுமுன் இறகின் அடிப்பக்கப் படத்தைக் கேளுங்கள். மேற்பக்கத்தை மட்டும் பல கோணத்தில் அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள். எனக்கு வந்த படங்கள் எல்லாமே மேற்பக்கம்தான். செந்நிறப் பஞ்சவர்ணக்கிளி, கருநீலப் பஞ்சவர்ணக்கிளி என்றால் சான்றிதழின் நகலை முதலில் வாங்கிப் பாருங்கள். கடன் அட்டை நிறுவனத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் அதே படங்களோடு, வேறு பெயரில், 60 பவுண்ட் என்று போட்டிருக்கிறார்.