சுற்றாத ரோட்டரும் சுற்றவிட்ட பட்டறையும்

ரங்கூன் பயணத்தில் விமானம், விசா, சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன். அத்தானின் கொரோலா கார் ரங்கூனை அடுத்த தன்லினில் நின்றுபோன கதையைத்தான் எழுதியாக வேண்டும்.

முனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழி. இருமலும் இல்லை, திணறலும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பட்டென்று அணைந்தது. 1970 முதல் வலப்புறம் ஓடுகிற நாட்டில் வலப்பக்க ஸ்டியரிங் வண்டி. அத்தான் நடைபாதைப் பக்கம் சுகமாக இறங்கினார். தள்ளுவதற்கு இறங்கிய நான் லாரிகளின் நடுவே நின்றேன்.

நான் இருக்கும் சிங்கப்பூரில் இழுவை வண்டி வரும், பிறகு பில் வரும், அவ்வளவுதான். வண்டி வைத்திருக்க வாங்கும் பத்து ஆண்டு உரிமம், அதாவது சி.ஓ.இ., முடிந்ததும் பெரும்பாலோர் வண்டியைக் கழித்துவிடும் ஊரில், எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுகிற வயதுவரை யார் வைத்திருக்கிறார்கள்? அத்தானின் வண்டி 1995 மாடல். பழைய வண்டியை ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி என்று 2011-இல் பர்மாவில் திட்டம் வந்ததே, அதன் பிறகு பெரியப்பாவின் நீல மஸ்தாவைக் கொடுத்துவிட்டு வாங்கியது. அந்த மஸ்தாவின் பின்பெட்டியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன் நான். அதைக் கொடுத்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அருகிலிருந்த பட்டறையில் ஓர் இளைஞர். பானெட்டைத் திறந்து, சோதனைப் பெட்டியின் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்தார். எஞ்சின் விளக்கு ஒரு முறை சிமிட்டி, சற்று நின்று, இரு முறை சிமிட்டியது. கோட் 12: எஞ்சின் சுற்றும் சிக்னல் கம்ப்யூட்டருக்கு வரவில்லை. பிளக்கில் பொறியும் இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லி, ஜப்பானிலிருந்து வந்த பழையது ஒன்றுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார். தேநீர்க்கடைக் குட்டை முக்காலியில் என் இடுப்பு ஒடியும் நேரத்தில் சாமான் வந்தது. மாட்டினார். பலனில்லை. அடுத்துப் பெட்ரோல் பம்பு என்றார். அதன் பிறகு பாட்டரி என்றார். பாட்டரியாம்! சாவியைத் திருகினால் எஞ்சின் மின்விசிறி போல விர்ரென்று சுற்றுகிறது. பாட்டரி தளர்ந்தால் முனகத்தானே செய்யும்?

பொறுமையிழந்த அத்தான், சாயங்காலம் ஒரு பெரியவரை அழைத்து வந்தார். பெகு பக்கத்துத் தமிழர், எல்லோருக்கும் மாமா. வந்தவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை.

"இன்னொரு தரம் திருகுங்கள், தம்பி."

திருகினேன்.

"கம்ப்ரஷனே இல்லை, உள்ளே காற்றை அழுத்தும் சுமையில்லாமல் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுகிறேன், மறுபடி திருகுங்கள்."

ஸ்டார்ட்டர் அலறியது, உள்ளே சுழல வேண்டிய ரோட்டர் அசையவே இல்லை. அந்த ரோட்டரைச் சுற்றுவது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், கேம்ஷாஃப்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட். கோட் 12 பொய் சொல்லவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்ற ஆளில்லாததால் அது சிக்னல் அனுப்பவில்லை. சிக்னல் வராததால் கம்ப்யூட்டர் பொறியும் தரவில்லை, பெட்ரோலும் தெளிக்கவில்லை. சிங்கப்பூரின் விலையுயர்ந்த ஸ்கேனரும் இதையேதான் காட்டியிருக்கும். மேல் கவரைக் கழற்றியதும் அறுந்த பெல்ட், கேம்ஷாஃப்ட் சீல் கசிந்து எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக அல்ல. ஹோண்டா, மிட்சுபிஷி எஞ்சின்கள் பலவற்றில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டும். பெல்ட்டைப் பார்க்காமல் பகல் முழுவதும் ஸ்டார்ட்டரைத் திருகினால் சேதம் இன்னும் கூடும். இந்தக் கொரோலா எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி உண்டு. பிழைத்தோம்.

மாமா அதையும் நம்பி விடவில்லை. சீலையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றினார். சீலை விட்டுவிட்டால் புது பெல்ட்டும் எண்ணெய் குடித்துக் கெடும் என்றார். குறிகளை நேராக்கிப் பெல்ட்டை மாட்டி, எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கின் போல்ட்டில் ஸ்பானர் வைத்து இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றினார். எங்கும் தடுக்கவில்லை, குறிகளும் பழைய இடத்துக்கே வந்தன. பிறகுதான் சாவியைத் தொட அனுமதித்தார். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்தது.

வாங்கிய கூலியைச் சொன்னால் சிங்கப்பூரில் யாரும் நம்பமாட்டார்கள். முதல் பட்டறைக்காரர் மட்டும், கழற்றிய சாமானைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார். அத்தான் முன்பணத்துக்காக இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.