சங்கத்துக்கு வாங்கிய டெசிபல் மீட்டர்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பது சம்பளமில்லாத வேலை. அதில் பாதி, இரவு பத்து மணிக்கு மேல் வரும் போன்கள். மேல் வீட்டில் பாட்டு என்பார்கள், பின்பக்கம் மெஷின் உறுமுகிறது என்பார்கள், இப்பவே வந்து கேளுங்க என்பார்கள். போய் நின்றால் ஒருவர் காதே செவிடாகிறது என்கிறார். இன்னொருவர், டிவியைக்கூட முணுமுணுப்பாகத்தான் வைத்திருந்தேன் என்று சத்தியம் செய்கிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒரு நம்பர் வேண்டும் என்று செயற்குழுவில் பேசி, சங்கப் பணத்தில் ஒரு டெசிபல் மீட்டர் வாங்கினோம். கையில் பிடிக்கிற வகை. இரண்டாம் வகுப்பு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. வாங்க நினைக்கும் மற்ற சங்கத்தார்களுக்காகவும், பக்கத்து வீட்டுச் சத்தத்தால் தூக்கம் கெட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் கருவி. டார்ச் விளக்கைவிடச் சற்றுப் பெரியது. தலையில் மைக், அதன்மேல் கருப்பு ஃபோம் பந்து. அந்தப் பந்தை அழகுக்காக வைக்கவில்லை. பால்கனியில் காற்று மைக்கை உரசினால் அதையும் சத்தமாகக் கணக்கில் சேர்த்துவிடும் என்பதால் கழற்றவே கூடாது. அடியில் முக்காலி மாட்டும் துளை இருக்கிறது. கையில் பிடித்தால் நம் உடம்பிலிருந்து சத்தம் திரும்பி மைக்குக்குப் போகும், எனவே முக்காலிதான் சரி. எழுத்து பெரிது, இருட்டில் படிக்க விளக்கும் உண்டு. எரிச்சல் ஒன்றுதான்: கொஞ்ச நேரம் பட்டனைத் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும். இரவில் பொறுமையாகக் காத்திருந்து, சத்தம் ஆரம்பிக்கும் நேரத்தில் திரும்பிப் பார்த்தால் திரை கருப்பு. அதை நிறுத்தும் வழி கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது.

அளவிடும் எல்லை 30 முதல் 130 டெசிபல் வரை. படிக்கும்போது 130 பெரிதாகத் தெரியும், ஆனால் நமக்கு முக்கியம் கீழ்முனை. தூங்கும் அறைக்குள் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வழிகாட்டுதல் தந்தது. அதாவது நல்ல படுக்கையறை ஆரம்பிக்கும் இடத்தில் இந்தக் கருவி முடிந்துவிடுகிறது. நிஜமாகவே அமைதியான அறையில் எண்ணுக்குப் பதில் எல்லைக்குக் கீழே என்று மட்டும் காட்டும். கருவியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

'இரண்டாம் வகுப்பு' என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஐஇசி 61672 என்ற சர்வதேசத் தரத்தின் எண் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். எங்கள் பெட்டியில் வகுப்பு இருந்தது, தரத்தின் எண் இல்லை. விற்றவரைக் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒண்ணு இல்லை. அந்தத் தரத்தில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என இரண்டு உண்டு, முதல் வகுப்பில் பிழைக்கு இடம் குறைவு. அதிகாரிகள் கொண்டுவரும் மீட்டர்களில் முதல் வகுப்பை அடிக்கடி பார்க்கலாம்.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்தது ஏ, சி என்ற இரண்டு எழுத்துகளுக்கு இடையே மாற்றும் ஒரு சின்ன பட்டன். அது ஏன் என்று சொல்ல ஒரு பாட்டியம்மா கதையைச் சொல்ல வேண்டும்.

பின்பக்க மதிலை ஒட்டிய கட்டடத்தில் ஒரு குளிரூட்டும் இயந்திரம். அதைப் பார்த்தபடி படுக்கையறை வைத்திருக்கும் பாட்டியம்மா, ராத்திரி முழுக்க உறுமல் என்று வாரம் தவறாமல் புகார். மீட்டரோடு போனேன். 34 காட்டியது. "இது ரொம்பக் குறைவு பாட்டி" என்றேன். "தம்பி, உன் மெஷின் தூங்குது. நான்தான் முழிச்சிருக்கேன்" என்றார். அப்போது சி பட்டனை அழுத்தினேன். 59.

விஷயம் இதுதான். நம் காது கட்டைச் சுருதிச் சத்தங்களைக் குறைவாகத்தான் உணரும். அதைப் பின்பற்றி, ஏ அளவுகோல் தாழ்ந்த அதிர்வெண்களைக் கழித்துவிட்டு எண்ணைத் தருகிறது. 63 ஹெர்ட்ஸில் மட்டும் 26 டெசிபல் கழிக்கிறது. சி அளவுகோல் அதே இடத்தில் ஒரு டெசிபல்கூடக் கழிப்பதில்லை. உள்ளாட்சி விதிகள் பெரும்பாலும் ஏ-வில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே கம்ப்ரெசர் உறுமல், பக்கத்து வீட்டு சப் வூஃபரின் தும் தும் எல்லாம் காகிதத்தில் சாதுவாகத் தெரியும், சுவர் வழியாக மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஏ-வுக்கும் சி-க்கும் பெரிய இடைவெளி இருந்தால் தொந்தரவு கட்டைச் சத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இப்படி ஒரே சுருதியில் விடாமல் ஒலிக்கும் சத்தத்துக்குப் பல விதிகளில் தனியாகச் சில டெசிபல் கூட்டிக் கணக்கிட இடம் உண்டு. உங்கள் ஊர் விதியில் அந்த வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு பின் கட்டடக்காரரிடம் போனேன். சண்டைக்கு வந்தவனைப் பார்ப்பது போலத்தான் முதலில் பார்த்தார். ஏ, சி விளக்கம் அவருக்குச் சுவாரசியமாகிவிட்டது. அவரே மாடிக்கு அழைத்துப் போனார். இயந்திரம் நேராக இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது, இரண்டு போல்ட் தளர்ந்திருந்தன. ரப்பர் தாங்கிகள் போட்டபின் சி எண் 47-க்கு இறங்கியது. அதிகாரி, நோட்டீஸ் எதுவும் தேவைப்படவில்லை. மீட்டருக்குக் கொடுத்த பணத்துக்கு அன்றே சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன், பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் எல்லாம் இப்படி முடியாது. தெருவோரக் கட்டடம் ஒன்றில் இரவு நேர ஸ்பீக்கர் விவகாரம் உள்ளாட்சி அலுவலகம் வரை போனது. அங்கேதான் இந்த மீட்டரின் எல்லை புரிந்தது.

வந்த அதிகாரி முதல் தடவை மதியம் மூன்று மணிக்கு வந்தார். புகார் இரவு பதினொரு மணிக்கு! தெரு வெறிச்சோடிக் கிடந்தது. அளந்தார், எழுதினார், போனார். அப்புறம் நாங்கள் ஒரு நோட்டு போட்டோம்: தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், எந்த அறை, ஜன்னல் திறந்ததா மூடியதா, மீட்டர் எண், பின்னணிச் சத்தம். அதைக் கொடுத்தபின் இரவில் வந்தார். "உங்க மீட்டரைப் பார்த்து நான் ரிப்போர்ட் எழுத முடியாது. ஆனா எந்த நேரத்துக்கு வரணும்னு இந்த நோட்டு சொல்லிடுச்சு" என்றார். அவர் மீட்டரும் எங்களுடையதும் பக்கத்தில் வைத்தபோது பெரிய வித்தியாசமில்லை. ஆனாலும் அவருடையதற்குச் சோதனைச் சான்றிதழ் உண்டு. அளப்பதற்கு முன்னும் பின்னும் கேலிப்ரேட்டர் என்ற சின்ன உருளையை மைக்கில் மாட்டி, 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் காட்டுகிறதா என்று சரிபார்த்தார். எங்களுடையதற்கு அந்த வம்சாவளி கிடையாது. காட்டும் எண் சரியாகவே இருந்தாலும் சாட்சியாக நிற்காது.

பின்னணிச் சத்தம் என்றேனே, அதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்பீக்கர் ஓடும்போது 48 காட்டுகிறது என்று வையுங்கள். அது நின்றபிறகு தெருச் சத்தம் மட்டும் 44 என்றால், ஸ்பீக்கரின் தனிப் பங்கு 46-க்குக் கொஞ்சம் கீழே. டெசிபலை நேராகக் கழிக்கக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் 10 இருந்தால் பின்னணியைக் கண்டுகொள்ள வேண்டாம். 3-க்கும் குறைந்தால் அந்த அளவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, அமைதியான நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு ஒரே மாதிரி இயந்திரங்கள் தலா 60 என்றால் சேர்ந்து 120 ஆகாது, 63தான். கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு உறுப்பினர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், கணக்கு அப்படித்தான்.

மீட்டர் வாங்குவதற்கு முன்பே உங்கள் உள்ளாட்சி விதியை எடுத்துப் படித்துவிடுங்கள். விதிகளுக்குள் ஏகப்பட்ட வேறுபாடு. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல், எனவே அங்கே ஒரு நிலையான எண்ணோடு ஒப்பிடலாம். இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டு ஒலிச் சட்டம் இரவு 11 முதல் காலை 7 வரைக்குமானது. அதில் பின்னணி எவ்வளவு என்பதைப் பொறுத்து அனுமதி மாறும். பின்னணி 24-ஐத் தாண்டாவிட்டால் 34, தாண்டினால் பின்னணிக்கு மேல் 10. அதே நாட்டில் சட்டபூர்வத் தொல்லை (ஸ்டாட்யூட்டரி நியூசன்ஸ்) என்ற வழியில் புகார் போனால் டெசிபல் எண்ணே இல்லை. எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை தடவை, சாதாரண மனிதருக்கு அது தாங்கக்கூடியதா என்று அதிகாரி தன் காதால் முடிவு செய்கிறார். அப்படிப்பட்ட ஊரில் இருந்தால் மீட்டரைவிட நோட்டுதான் பெரிய ஆயுதம்.

எங்கே அளக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கும்: மனை எல்லையிலா, பாதிக்கப்பட்டவரின் ஜன்னலிலா, அறைக்குள்ளா. சுவரை ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பால் எண் கூடிவிடும். திறந்த வெளியில் சுவரிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி வைப்பது பாதுகாப்பு.

மேல் வீட்டில் நாற்காலி இழுப்பது, குழந்தை குதிப்பது போன்ற திடீர்ச் சத்தத்துக்கு இதை வாங்காதீர்கள். கருவியின் ஃபாஸ்ட் பட்டன் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரச் சத்தத்தைச் சராசரியாக்கி எண்ணைக் காட்டுகிறது, ஸ்லோ ஒரு நொடிச் சத்தத்தை. ஃபாஸ்டில் போட்டு உச்சத்தைப் பிடித்துவைக்கலாம், அவ்வளவுதான். அதைக் காட்டி எந்த அலுவலகத்திலும் காரியம் ஆகாது. ஒரு கம்பளம், நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் வில்லை, கொஞ்சம் தணிவான பேச்சு போதும். இன்னொரு குறை: நீண்ட நேரத்தின் சராசரியை எங்கள் மாடல் கணக்கிடாது. பல விதிகள் கேட்பது அந்தச் சராசரியைத்தான். இனி வாங்குபவர்கள் எல்இக்யூ என்ற வசதி இருக்கும் மாடலைப் பாருங்கள்.

போன் ஆப் போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், பணியிடச் சத்தத்துக்காக வெளியிட்ட இலவச ஆப், ஐபோனில் 2 டெசிபல் பிழைக்குள் நிற்கிறது, சராசரியையும் தருகிறது. ஆனால் ஐபோனுக்கு மட்டும்தான். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மைக் வேறு. ஒரே அறையில் எங்கள் இருவர் போனில் ஒரே ஆப் இரண்டு எண் காட்டியது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்று தனக்குத்தானே தெரிந்துகொள்ள ஆப் போதும். இரண்டு தரப்பும் நம்ப வேண்டும் என்றால் தனி மீட்டர், அதையும் இரண்டு தரப்பு முன்னால் அளக்க வேண்டும். எனக்குச் சில போன்கள் குறைந்ததற்குக் காரணம் இதுதான். எண்ணைத் தாங்களே பார்த்தபின் பலர் ஒலியளவைத் தாங்களாகவே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தரத்தின் எண் இல்லாததற்கு ஒன்று, சராசரி இல்லாததற்கு அரை கழித்தாயிற்று. அடுத்த பொதுக்குழுவில் கேலிப்ரேட்டர் ஒன்றும் கேட்கப் போகிறேன். பொருளாளர் இப்போதே பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்.