வட சென்னைக் கல்லறை உலா: வரலாற்றுக்காகப் போகலாம், பேய்க்காக வேண்டாம்

‘ஆவிகள் உலவும் கல்லறைகள்’ என்ற விளம்பரத்துடன் ஒரு சிறு குழு சனிக்கிழமைகளில் நடத்தும் இந்த உலாவுக்குத் தலைக்கு 700 ரூபாய் வாங்குகிறார்கள். காலை ஒன்பது மணிக்குக் கோட்டையில் தொடங்கி, ஜார்ஜ் டவுன், மூலக்கொத்தளம் வழியாகக் காசிமேட்டில் முடிகிறது. ஆர்மேனியன் தெரு வரை நடை, அதற்கு அப்பால் வேன். விளம்பரத்தில் பேய்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது என்றாலும், கொடுத்த காசுக்கு ஈடாகக் கிடைப்பது வரலாறுதான். இரண்டையும் ஒரே தட்டில் பரிமாற நினைத்ததால்தான் இந்த உலா சில இடங்களில் தடுமாறுகிறது.

முதல் நிறுத்தம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம். தலைமைச் செயலகம் இருக்கும் வளாகம் என்பதால் அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது. 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்ட இந்தத் தேவாலயத்தின் முற்றம் முழுவதும் கல்லறைக் கற்கள் தளம்போலப் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1652இல் மதராஸுக்கு வரும் வழியில் கடலிலேயே இறந்துபோன எலிசபெத் பேக்கரின் கல்லும் அங்கே இருக்கிறது. இந்தியாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஆங்கிலேயக் கல்லறைக் கல் என்று அதைக் கருதுகிறார்கள். வழிகாட்டி இளைஞர், ராயபுரத்துக்காரர், குழுவினரைக் கற்களின் மேல் நிற்கவைத்துவிட்டு, “நீங்க நிக்கிற கல்லுக்குக் கீழே யாருமே இல்லைங்க” என்று சொன்ன இடம் இந்த உலாவிலேயே சிறந்த தருணம்.

அவர் சொன்னது உண்மைதான். ஆங்கிலேயரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்று ஹைகோர்ட்டை ஒட்டிப் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் தளபதி லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்த இடுகாட்டின் உயரமான கல்லறைகள் எதிரிகளுக்கு நல்ல மறைவாக அமைந்துவிட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும், இனி ஒருமுறை அப்படி நேரக் கூடாது என்று கல்லறைகளை இடித்துத் தரைமட்டமாக்கி, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் தேவாலய முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். எலும்புகள் அங்கேயே தங்கிவிட்டன, பெயர்கள் மட்டும் கோட்டைக்குள் குடியேறின. மதராஸில் பேய் என்று ஒன்று இருக்குமானால், அது தன் கல்லைத் தேடி ஹைகோர்ட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே அலைந்துகொண்டிருக்க வேண்டும். வழிகாட்டியோ இதைச் சொல்லாமல், வெள்ளை கவுன் அணிந்து நள்ளிரவில் முற்றத்தில் நடக்கும் துரைசாணியைப் பற்றிச் சொன்னார். ஊட்டி பங்களாவிலும் ஏற்காடு பங்களாவிலும் நடமாடுவதாகச் சொல்லப்படும் அதே துரைசாணிதான் இவள். காலை வெயில் ஏறிக்கொண்டிருந்ததால் யாரும் பயப்படவில்லை.

அடுத்தது பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இடிபடாமல் தப்பி நிற்கும் கூம்பு வடிவக் கல்லறை. 1680இல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸும், பின்னாளில் சென்னையின் ஆளுநரான எலிஹு யேலின் மகன் டேவிட்டும் அதில் இருக்கிறார்கள். ஹின்மர்ஸ் இறந்த அதே ஆண்டு நவம்பரில் அவருடைய மனைவி கேத்தரினை யேல் மணந்துகொண்டார். புதிதாகத் திறந்த புனித மேரி தேவாலயத்தின் பதிவேட்டில் முதல் திருமணம் அதுதான். அந்தத் தம்பதியின் பிள்ளை சிறுவயதிலேயே இறந்து, தாயின் முதல் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கமானான். பிற்காலத்தில் யேல் கொடுத்த நன்கொடைக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு 1718இல் அவர் பெயரை வைத்தார்கள் என்பது பலருக்குத் தெரியும். குழந்தை இங்கே கிடப்பது அவ்வளவாகத் தெரியாது. இவ்வளவு சொல்ல இருக்கும் இடத்தில் குழுவினர் உள்ளே போகவே இல்லை. அனுமதி வாங்கியிருப்பதாகக் கட்டணம் செலுத்தும்போது சொன்னவர்கள், வாயிலில் காவலர் நிறுத்தியதும் கையைப் பிசைந்தார்கள். சாலையோரம் நின்றபடி கைப்பேசியில் படத்தைக் காட்டி விளக்குவதற்கு உலா எதற்கு? பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கும் இடம் என்பது தெரிந்த விஷயம்தான். உள்ளே போக முடியாது என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

ஆர்மேனியன் தெருவில் இருக்கும் ஆர்மேனியத் தேவாலயம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. ஆர்மேனியரின் இடுகாடாக இருந்த நிலத்தில் 1772இல் எழுப்பப்பட்ட இத்தேவாலயத்தின் தாழ்வாரங்களிலும் தோட்டத்திலும் கல்லறைக் கற்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் இதே மதராஸில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷமாவோனியனின் கல்லறையும் இங்கே இருக்கிறது. வணிகத்துக்காக இங்கு வந்து நிலைத்த சமூகம் ஏறக்குறைய முழுவதும் கலைந்துபோய், கோயிலும் மணிக்கூண்டும் கல்லறைகளும் மட்டுமே எஞ்சியிருக்கின்றன என்பதை வழிகாட்டி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இங்கே அவர் பேய் எதையும் அவிழ்த்துவிடவில்லை. அதற்காகவே தனியாக நன்றி சொல்லலாம்.

அதே தெருவில் சில அடி தள்ளி அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் சாதி மதம் பாராமல் கூட்டம் நெரியும். பேய், பில்லி, சூனியம் எதுவானாலும் அந்தோணியாரிடம் வந்தால் விலகும் என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுவதும் இருப்பதுதான். கல்லறையையும் பேயையும் பற்றிய உலா என்று பெயர் வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கும் நம்பிக்கையைக் கண்டுகொள்ளாமல் அந்த வாசலைத் தாண்டிப் போனது எனக்கு விளங்கவில்லை. கறி எடுத்துப் போகும் தூக்கில் ஒரு கரித்துண்டைப் போட்டு அனுப்பும் பாட்டிகளும், உச்சி வேளையில் முனி நடக்கும் என்று பிள்ளைகளை வெளியே விடாத அம்மாக்களும் இந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் நடக்கும் மயானக் கொள்ளையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. இரவல் வாங்கிய துரைசாணியைவிட இவையெல்லாம் எவ்வளவோ மேல்.

மூலக்கொத்தளம் சுடுகாட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு, 1939 ஜனவரியில் இறந்த நடராசனும் மார்ச்சில் இறந்த தாளமுத்துவும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்கள். பள்ளிகளில் கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் விலக்கப்பட்டது. எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையின் பெயராக மட்டுமே அவர்களைத் தெரிந்துவைத்திருந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் நினைவிடத்தை விட்டு நகர மனமில்லாமல் நின்றார்கள். வேன் ஓட்டுநர் ஹாரன் அடித்துக் கூப்பிட வேண்டியிருந்தது. இங்கே அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு, கோட்டையில் துரைசாணிக்குக் கொடுத்த நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடைசியாகக் காசிமேடு கல்லறைத் தோட்டம். நெருக்கியடித்து நிற்கும் சிலுவைகளுக்கு நடுவே வழிகாட்டி மீண்டும் குரலைத் தாழ்த்தி, இரவில் கேட்கும் அழுகுரலைப் பற்றித் தொடங்கினார். பக்கத்தில் ஒரு கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டையைக் கீழே வைக்காமலேயே, “தம்பி, ராத்திரியில இங்க படுக்கிறவன் நான். கொசுவைத் தவிர வேற எதுவும் வந்ததில்ல” என்றார். வழிகாட்டியும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவராகவே கதையை விட்டுவிட்டு, தன் தாத்தாவின் கல்லறையைக் காட்டி, மீனவக் குடும்பங்கள் கல்லறைத் திருநாளை எப்படிக் கொண்டாடுகின்றன என்று சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சில் நடிப்பே இல்லை.

தண்ணீர் பாட்டில் ஒன்று தருகிறார்கள், அது போதாது. தொப்பியும் கழிப்பறைக்கான முன்யோசனையும் அவரவர் பொறுப்பு. முதியவர்களுக்குக் கோட்டையிலிருந்து ஆர்மேனியன் தெரு வரையிலான நடை கடினமாக இருக்கும். பேய்க்கதை கேட்கும் ஆசையில் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் தாராளமாகப் பதிவு செய்யலாம். முடிந்தால் கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஐ ஒட்டிய சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காசிமேட்டில் குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும் நாட்கள் அவை. அப்போது வேன் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் போக முடியாது என்பதால், சற்றுத் தொலைவிலேயே இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.