மும்பையில் 'ஸ்டாரை நேரில் காட்டுகிறோம், கேரண்டி' என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

மும்பை போகிறவர்கள், அதிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். பாந்த்ரா, ஜுஹு பக்கம் நடிகர்கள் வீட்டைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று நிறையப் பேர் தொழில் செய்கிறார்கள். வெளியில் இருந்து வீட்டைக் காட்டிவிட்டுக் காசு வாங்குகிறவர்களைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. நடிகரையே காட்டுகிறோம், அதுவும் நேரம் சொல்லிக் காட்டுகிறோம் என்கிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2025 மே விடுமுறையில் அப்படி ஒருவனிடம் எங்கள் குடும்பம் பத்தாயிரம் ரூபாயைப் பறிகொடுத்தது.

தாராவியில் பெரியப்பா மகன் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருநெல்வேலியில் இருந்து போயிருந்தோம். நான், மனைவி, அக்கா, அத்தான், அக்கா மகன் என ஐந்து பேர். பையன் ஒன்பதாம் வகுப்பு. அட்லீ இயக்கிய 'ஜவான்' 2023இல் வந்ததில் இருந்து அவனுக்கு ஷாருக் கான் பைத்தியம். மும்பை என்றதுமே மன்னத் வீட்டைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று ரயிலிலேயே சொல்லிவிட்டான். அவன் போனில் ஒரு ரீல்ஸ் வந்தது. கடற்கரைச் சாலையில் யாரோ ஒரு நடிகர் காரில் இருந்து இறங்கிக் கை காட்டுகிறார், ஒரு குடும்பம் துள்ளிக் குதிக்கிறது. கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர்.

அந்த நம்பரில் பேசியவன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். கொஞ்சம் தமிழும் தெரிந்திருந்தது. வீடு மட்டும் பார்க்க ஆளுக்கு 800, 'சைட்டிங்', அதாவது நடிகரை நேரில் பார்ப்பது, சேர்த்து 1,500. ஏசி கார், அம்பானியின் ஆன்டிலியா, மன்னத், சல்மான் கான் வீடு, ராஜேஷ் கன்னா வீடு, அமிதாப் வீடு எல்லாம் ஒரே நாளில். "வாட்ச்மேன், டிரைவர், ஜிம் பையன் எல்லாம் நம்ம ஆளுங்க சார். அவங்க எப்ப வெளிய வர்றாங்கன்னு நமக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். பார்க்கலைன்னா பாதிப் பணம் வாபஸ்." முன்பணம் 4,000 அனுப்பச் சொன்னான். ஜிபேயில் போட்டபோது ஏதோ ஒரு ஜெனரல் ஸ்டோர்ஸ் பெயர் காட்டியது. கேட்டதற்கு, சித்தப்பா கடை என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் பாந்த்ரா ஸ்டேஷன் மேற்குப் பக்கம் கார் வந்தது. ஏசி வேலை செய்தது, அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டான். அப்புறம் ஆன்டிலியா இன்றைக்குக் கிடையாது என்றான். அது தெற்கு மும்பையில் ஆல்டமவுண்ட் ரோட்டில் இருக்கிறது, அங்கே நிறுத்தவிட மாட்டார்கள் என்றான். நிறுத்தவிட மாட்டார்கள் என்பது பணம் வாங்கும் முன் தெரியாதா என்று அத்தான் கேட்டார். அவன் சிரித்துவிட்டு முன்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் மன்னத் வாசலில் இறக்கிவிட்டான். கூட்டம் நல்ல கூட்டம். ஆளாளுக்குக் கையை விரித்துப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நம்ம பையனும் கொடுத்தான். "சார் உள்ளதான் இருக்காரு. நாலு மணிக்கு மாடிக்கு வருவாரு, ஒரு மணி நேரம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான். வெயிலில் நின்றோம். நாலரை ஆனது, ஐந்தும் ஆனது. யாரும் வரவில்லை.

வருவதற்கு ஆளே அங்கே இல்லை. மன்னத்தில் பெரிய அளவில் கட்டட வேலை நடக்கப்போகிறது, பின்பக்கக் கட்டடத்தில் கூடுதலாக இரண்டு மாடி எழுப்பப்போகிறார்கள், அதுவரை ஷாருக் குடும்பம் பாலி ஹில்லில் வாடகை வீட்டுக்குப் போகிறது என்று அந்த பிப்ரவரியிலேயே எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது. பாந்த்ராவில் தினமும் கார் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் எங்களை வெயிலில் நிறுத்தினான். சாதாரண வருஷங்களில்கூட அவர் வாசல் பக்கம் வந்து ரசிகர்களுக்குக் கை காட்டுவது பெரும்பாலும் ரம்ஜான் அன்றைக்கும் நவம்பர் 2 பிறந்தநாளுக்கும்தான். அந்த 2025 பிறந்தநாளுக்கே கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று அதிகாரிகள் சொன்னதால் வர முடியவில்லை என்று அவரே பதிவு போட்டு மன்னிப்புக் கேட்டார்.

அங்கிருந்து கேலக்ஸி அபார்ட்மென்ட்ஸ், சல்மான் கான் வீடு. அதே ரோட்டில் நடந்தே போய்விடலாம். அதற்கு எங்களைக் காரில் ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். 2024 ஏப்ரல் 14 அன்று விடிகாலையில் பைக்கில் வந்தவர்கள் சுட்டது அந்த வீட்டைத்தான். அதற்குப் பிறகு பால்கனிக்குக் குண்டு துளைக்காத கண்ணாடி போட்டிருக்கிறார்கள். வாசலில் போலீஸ். 2025 ஜனவரியில் சைஃப் அலி கானை வீட்டுக்குள் புகுந்து ஒருவன் கத்தியால் குத்திய பிறகு அந்த ஏரியாவில் காவல் இன்னும் இறுகிவிட்டது. இந்த நிலைமையில் 'வாட்ச்மேன் நம்ம ஆளு' என்றால் நம்புவதற்கு என்ன இருக்கிறது? அந்த வாட்ச்மேன் இவனை நின்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார்ட்டர் ரோட்டில் ஒரு புதுக் கட்டடத்தைக் காட்டி, இதுதான் ராஜேஷ் கன்னா வீடு, குடும்பம் இன்னும் இங்கேதான் இருக்கிறது என்றான். அவர் 2012இல் இறந்தார். 'ஆசீர்வாத்' பங்களாவை 2014இல் ஒரு தொழிலதிபருக்கு விற்றுவிட்டார்கள், பழைய வீட்டை இடித்தும் விட்டார்கள். அக்காவுக்கு ராஜேஷ் கன்னா என்றால் உயிர். அவள் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக் கும்பிட்டதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

பையன் முகம் வாடிப்போனதைக் கவனித்திருப்பான் போல. கார்ட்டர் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனில் யாரிடமோ இந்தியில் குசுகுசுவென்று பேசினான். பேசி முடித்துத் திரும்பியபோது முகமெல்லாம் பிரகாசம். "உங்க அதிர்ஷ்டம் சார்! கான் சார் ஜிம் முடிச்சிட்டு இந்தப் பக்கம் வர்றாரு. அஞ்சு நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருக்கேன். பவுன்சருக்கு மட்டும் ஆளுக்கு ஐநூறு." எந்தக் கான் என்று கேட்டேன். "வந்ததும் நீங்களே பாருங்க" என்றான். பையன் என் கையைப் பிடித்து இழுக்கிறான். அத்தான் எதுவும் பேசாமல் இரண்டாயிரத்து ஐநூறை எண்ணிக் கொடுத்தார்.

பக்கத்துச் சந்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் இறங்கிக் கதவைத் திறந்தான். உள்ளே இருந்து தொப்பி வைத்த ஸ்வெட்டரும் மாஸ்க்கும் கூலிங் கிளாஸுமாக ஒரு ஆள் இறங்கினார். நடை, தலைமுடி, கையை விரித்த விதம் எல்லாம் அச்சு அசல் ஷாருக். பேசக் கூடாது, தொடக் கூடாது, பத்தடி தள்ளி நிற்க வேண்டும். நம்ம ஆளே என் போனை வாங்கிப் படம் எடுத்தான். கூட வந்திருந்த ஒரு பையன் எங்களையும் சேர்த்துத் தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். முத்தம் ஒன்றைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டு அந்த ஆள் திரும்பவும் காரில் ஏறிக்கொண்டார். எல்லாம் ஒரு நிமிஷம் இருக்கும். அக்கா மகனுக்குக் கண்ணில் தண்ணீர்.

அத்தான் ஊரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். ஆளைப் பார்க்கும் முன் வண்டியைப் பார்க்கிற மனுஷர். கார் சந்தில் திரும்பும்போது என் காதருகே வந்து, "மாப்ள, போர்டப் பாத்தியா?" என்றார். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. டி போர்டு வண்டி. "கோடிக்கணக்குல சம்பாதிக்கவன் வாடகை டாக்ஸிலயாடே ஜிம்முக்குப் போவான்? டயரைப் பாரு, வழுக்கையா இருக்கு."

மும்பையில் பெரிய நடிகர்களுக்கு 'டூப்ளிகேட்', அதாவது அவர்களைப் போலவே இருக்கிற ஆட்கள், இருப்பது பழைய விஷயம். கல்யாணம், கடைதிறப்பு, ஆர்கெஸ்ட்ரா மேடை என்று அவர்கள் பாட்டுக்கு நேர்மையாகப் பிழைக்கிறார்கள். டூப்ளிகேட் என்று சொல்லியே கூட்டிவந்திருந்தால் பையனும் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டிருப்பான். மாஸ்க் போட்டு அசல் என்று விற்றதுதான் மோசடி. கொரோனாவுக்குப் பிறகு நடிகர்கள் ஏர்போர்ட்டுக்கு மாஸ்க்கோடு வந்து நமக்கும் பழகிவிட்டதால், இந்தத் திருட்டுக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று.

அத்தான் நேராகக் கேட்டுவிட்டார். அதுவரை சார் சார் என்றவன் குரல் மாறியது. "போட்டோ எடுத்தாச்சுல்ல? பின்ன என்ன?" பாதிப் பணம் வாபஸ் என்ற பேச்சை எடுத்ததும், 'சைட்டிங்' நடந்துவிட்டது, அதனால் வாபஸ் கிடையாது என்றான். சரி, ஜுஹுவுக்காவது வண்டியை விடு, அமிதாப் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றேன். நேரம் முடிந்துவிட்டது என்று கார்ட்டர் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். ராத்திரி பார்த்தால் என் நம்பர், அத்தான் நம்பர் இரண்டையும் பிளாக் செய்திருந்தான்.

ஜுஹு போயிருந்தாலும் பயன் இருந்திருக்காது. சனிக்கிழமையும் அமிதாப் வருவார் என்று அவன் எங்களிடம் சொல்லியிருந்தது அடுத்த பொய். 1982இல் பெங்களூரில் படப்பிடிப்பில் அடிபட்டுச் செத்துப் பிழைத்து வந்த காலத்தில் இருந்து அவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வாசலுக்கு வந்து ரசிகர்களைப் பார்க்கிறார். இப்போது ஜல்சா வீட்டு வாசலில். கொரோனாவில் நின்று, பிறகு திரும்பத் தொடங்கினார். வெளியூர் போனாலோ உடம்பு சரியில்லை என்றாலோ அதுவும் கிடையாது. அதற்கு டிக்கெட்டும் இல்லை, ஏஜென்டும் இல்லை. தெருவில் போய் நிற்க வேண்டியதுதான்.

தாராவி அண்ணனிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறந்ததில் இருந்து மும்பையில் இருக்கிறவர். "ஏல, வீட்டு வாசல்ல ஒருத்தனையும் பாத்ததில்லடே நான். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல பாத்திருக்கேன், ஸ்கூல் ஆண்டுவிழாவுல பாத்திருக்கேன். ஒருதரம் சிக்னல்ல பக்கத்து வண்டில ஒருத்தர் மூக்கைக் குடைஞ்சிட்டு இருந்தாரு" என்றார். யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. இன்னொன்றும் சொன்னார். ஜிம் வாசல், ஏர்போர்ட் வாசல் என்று 'தற்செயலாக' எடுத்ததுபோல் வருகிற வீடியோக்களில் பலவும், நடிகரின் விளம்பர ஆட்களே புகைப்படக்காரர்களுக்கு நேரம் சொல்லி எடுக்க வைப்பது. அந்தத் தகவல் புகைப்படக்காரர்களுக்குப் போகும், டூர் காரனுக்கு வராது.

பணம் திரும்பவில்லை. நீங்களாகவே அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரித்துவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். பதிந்துகொண்டார்கள். ஆனால் அவனுக்குக் கம்பெனிப் பெயர் இல்லை, முகவரி இல்லை, பில் இல்லை. ஜெனரல் ஸ்டோர்ஸ் பெயரில் போன பணத்துக்கு யாரைக் கூப்பிட்டு விசாரிப்பது? அதனால் பணம் அனுப்பும்போது திரையில் காட்டும் பெயரும் டூர் பெயரும் ஒத்துப்போகிறதா பாருங்கள். சித்தப்பா கடை, மச்சான் கடை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முழுப் பணத்தையும் வண்டியில் ஏறியதும் கேட்டாலும் அப்படியே.

வீடுகளைப் பார்க்க யார் தயவும் வேண்டாம். லோக்கல் ரயிலில் பாந்த்ரா வந்து, மேற்குப் பக்கம் இறங்கி, மீட்டர் போட்டு ஆட்டோவில் பேண்ட்ஸ்டாண்ட் போகலாம். 2025 பிப்ரவரியில் ஏற்றியபோது மீட்டர் 26 ரூபாயில் தொடங்கியது. மாஹிமைத் தாண்டித் தெற்கே ஆட்டோ கிடையாது, அங்கே கறுப்பு-மஞ்சள் டாக்ஸிதான். மன்னத், கேலக்ஸி இரண்டையும் நடந்தே பார்த்துவிட்டு, ஞாயிறாக இருந்தால் சாயங்காலம் ஜுஹு போங்கள். அங்கே பிரித்வி தியேட்டர் வாசலில் ஒரு டீ குடிக்கலாம். 1978இல் சசி கபூரும் ஜெனிஃபர் கெண்டலும் கட்டியது. நாடகக்காரர்கள் வந்துபோகிற இடம், யார் வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

போன மாசம் அவனுடைய ரீல்ஸ் மறுபடி கண்ணில் பட்டது. இப்போது ஆளுக்கு 2,000. வீடியோவில் துள்ளிக் குதிக்கிற குடும்பம் மாறியிருக்கிறது. 'தமிழ்நாட்டு ரசிகர்களுடன் கான் சார்' என்று மேலே எழுதியிருக்கிறான். அதில் பச்சைச் சேலை கட்டியிருப்பது என் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொள்கிற பையன் அவள் மகன். எடுக்கச் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறோம், இன்னும் எடுக்கவில்லை. உங்கள் போனில் வந்தால் நம்பாதீர்கள், நீங்களும் ஒரு புகார் தட்டிவிடுங்கள்.